படியளப்பவன் யார்?

(கருங்கல்லில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், ஒரு செடி தனக்குக் கிடைக்கும் உணவை வேர், தண்டு, இலை, பூ, காய் என்கின்ற தன் உறுப்புகளுக்குள் எப்படிப் பங்கிட்டுக் கொள்ளுகின்றது என்பதாகும். அதிலும் குறிப்பாக, பனி மூடும் உயர்ந்த மலைகளில் வாழும் செடிகள் இந்தப் பங்கீட்டை எப்படிச் செய்கின்றன என்பதைச் சொல்லப் போகிறேன். "சாமியையும் சடங்கையும் பற்றிப் பேசுகிறவர் செடி கொடியைப் பற்றிப் பேசுகிறாரே! கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பனிமலைச் செடியைப் பற்றி என்ன கவலை?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கவலைப்பட வேண்டிய காரணம் உண்டு என்பதை, பேச்சு முடிவதற்குள் நீங்களே ஒப்புக் கொள்ளுவீர்கள் என்று நம்புகிறேன்.

நான் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும், விளையிலும் வயலிலும் கண்ணால் பார்த்தும் அறிந்ததைத்தான் சொல்லுகிறேன். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்ப வேண்டாம். உங்கள் விளையில் நிற்கும் மரச்சீனியையும் தென்னையையும் வாழையையும் பார்த்து, சரி என்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

நம் மக்களிடையே ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது. "கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான்" என்பார்கள். நம் ஊரின் பெயரே கருங்கல். பாறை உடைத்துப் பிழைக்கும் தோழர்கள் இம்மாவட்டத்தில் அநேகர் இருக்கிறார்கள். வெடிப்போ துவாரமோ இல்லாத முழுப் பாறையைப் பிளந்து, அதற்குள் உண்டு கொழுத்து உட்கார்ந்திருந்த தேரையை யாராவது எடுத்துக் காட்டியதுண்டா? இல்லை. ஆனாலும் பேச்சு மாத்திரம் நிற்கவில்லை. பேச்சோடு போனால் நமக்கு ஆட்சேபணை இல்லை. மரச்சீனி பிடுங்கும்போது கிழங்கு சுண்டுவிரல் அளவு இருந்தால், "நமக்கு அளந்தது இவ்வளவுதான்" என்கிறோம். தென்னை மட்டை மஞ்சளித்தால், "யாரோ கண் வைத்துவிட்டான்" என்று எலுமிச்சம்பழம் நறுக்குகிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம், கழிப்புக்காரருக்குத் தட்சணை கொடுக்கிறோம். உரத்துக்குப் போக வேண்டிய காசு கற்பூரத்துக்குப் போகின்றது. அதோடு, "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்கும் புத்தியும் போய்விடுகிறது. இதுதான் பெரிய நஷ்டம். ஆகவே, செடிக்குப் படியளப்பவன் யார் என்பதை இன்றைக்குத் தீர விசாரித்துப் பார்ப்போம்.

செடி தின்பது மண்ணையா?

"செடி மண்ணைத் தின்று வளருகிறது" என்பதுதான் நெடுங்காலமாக உலகத்தார் எண்ணம். சுமார் 400 வருஷங்களுக்கு முன் பெல்ஜியம் தேசத்தில் வான் ஹெல்மாண்ட் என்று ஒருவர் இருந்தார். அவர் 200 ராத்தல் உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டுத் தண்ணீர் மாத்திரம் ஊற்றி வந்தார். 5 வருஷம் கழித்து மரத்தை நிறுத்தால் 169 ராத்தல் இருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்தால் சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது! மரம் மண்ணைத் தின்றிருந்தால் 160 ராத்தல் மண்ணல்லவா குறைந்திருக்க வேண்டும்? அவர் இறந்த பின் 1648-ல் இந்தச் சங்கதி அச்சாயிற்று. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். அது முழு உண்மையல்ல. 1779-ல் இங்கன்ஹவுஸ் என்பவர், வெளிச்சம் படும்போது பச்சை இலைதான் இந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். அதற்குப் பின்வந்தவர்கள், இலை காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து, சூரிய வெளிச்சத்தின் பலத்தால் சர்க்கரை செய்கிறது என்று தெளிவாக்கினார்கள்.

ஆகவே செடிக்கு இரண்டு வரவு. ஒன்று, இலை செய்கின்ற சர்க்கரை. மற்றொன்று, வேர் மண்ணிலிருந்து எடுத்து அனுப்பும் தண்ணீரும் உப்புச் சத்துக்களும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று உரக்கடையில் சொல்லுகிறார்களே அவைதான். வான் ஹெல்மாண்டின் மண்ணில் குறைந்ததாகக் கண்ட 2 அவுன்ஸ் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வேர் எடுத்துத் தரும் அந்தக் கொஞ்ச உப்பு இல்லாவிட்டால் இலைக்கு வேலையே இல்லை. இலையின் சர்க்கரை இல்லாவிட்டால் வேருக்கு உயிரே இல்லை.

இந்தச் சர்க்கரை எந்த வழியாகப் போகிறது? கொய்யாவில் விண்பதியம் போடுகிறவர்களைப் பாருங்கள். கிளையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈர மண்ணோ நாரோ வைத்துக் கட்டுகிறார்கள். வேர் எங்கே வருகிறது? வளையத்தின் மேல் விளிம்பில் வருகிறது. ஏன்? இலையிலிருந்து பட்டை வழியாகக் கீழே இறங்கும் சர்க்கரை, வழி அறுந்ததால் அங்கே தேங்குகிறது. மேலே போவதும் உண்டு. பனையேறும் தோழர் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறாரே, அந்த அக்கானி யாருடைய சொத்து? பனை தன் பூவுக்கும் காய்க்கும் அனுப்புகின்ற சர்க்கரை அது. அதை அவர் வழியில் மறித்துப் பிடித்துக் கொள்ளுகிறார். நாம் கருப்பட்டி தின்னும்போது, பனை தன் பிள்ளைகளுக்கு வைத்த பங்கைத் தின்னுகிறோம். அதில் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. சர்க்கரை எங்கே தேவையோ அங்கே ஓடுகிறது என்பதற்குச் சாட்சி மாத்திரம் உண்டு.

பங்கு பிரிக்கும் சட்டம்

இனி, யார் பங்கு பிரிப்பது என்று பார்ப்போம். செடிக்குள்ளே கணக்குப்பிள்ளை ஒருவர் உட்கார்ந்து கொண்டு, வேருக்கு இத்தனை படி, இலைக்கு இத்தனை படி என்று அளந்து போடவில்லை. 1930-ல் ஜெர்மனி தேசத்து முன்ச் என்பவர் சொன்ன விளக்கம் எளிதானது. சர்க்கரை உண்டாகும் இடத்தில் சாறு செறிந்து அமுக்கம் அதிகமாகிறது. சர்க்கரை செலவாகும் இடத்தில் அமுக்கம் குறைகிறது. அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சாறு ஓடுகிறது. வாய்க்காலில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதற்கு யாருடைய உத்தரவு வேண்டும்?

மண்ணில் தழைச்சத்து குறைவாக இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். புது இலை விடுவதற்குத் தழைச்சத்து நிறைய வேண்டும். அது கிடைக்காதபடியால் புது இலை விடுவது முதலில் மட்டுப்படுகிறது. ஆனால் இருக்கிற இலை வெயிலில் சர்க்கரை செய்வதை உடனே நிறுத்துவதில்லை. செலவில்லாமல் மிஞ்சும் சர்க்கரை வேருக்கு இறங்குகிறது. வேர் நீண்டு, கிளைத்து, புதிய மண்ணைத் துழாவித் தழைச்சத்தைத் தேடுகிறது. இதற்கு மாறாக, நிழலில் நிற்கும் செடிக்கு வெளிச்சம் குறைவு, சர்க்கரை குறைவு. உண்டாகும் கொஞ்சத்தைப் பக்கத்திலிருக்கும் தளிரும் தண்டும் முதலில் எடுத்துக் கொள்ளுகின்றன. தண்டு நீண்டு வெளிச்சத்தைத் தேடுகிறது, வேருக்கு மிச்சந்தான் போகிறது. சுருங்கச் சொன்னால், எந்தச் சாமான் பஞ்சமோ அதைத் தேடிக் கொண்டு வரும் உறுப்புக்குப் பங்கு கூடுகிறது.

இதை மரச்சீனியில் சோதியுங்கள். மரச்சீனி நம் பழைய பயிரல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரவச் செய்தார். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்து கொண்டிருந்த அரிசி நின்றபோது, அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நம் பாட்டன் பாட்டிமார் பலரைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். அந்தக் கிழங்கு மனிதனுக்காகவா வைக்கப்பட்டது? இல்லை. மழையற்ற மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுப் பிழைத்துக் கிடப்பதற்காகச் செடி சேர்த்து வைக்கும் கையிருப்பு அது. அடர்ந்த தென்னை நிழலில் மரச்சீனிக் கம்பை நட்டுப் பாருங்கள். கம்பு ஆள் உயரத்துக்கு மேல் போகும், கிழங்கு மெலியும். நல்ல வெயிலில் நட்டாலும், தழைச்சத்தை மிதமிஞ்சிக் கொட்டி, சாம்பல் சத்தைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? விளை பச்சைப்பசேலென்று கண்ணைப் பறிக்கும், பிடுங்கினால் கை நிறையாது. பச்சையைப் பார்த்து ஊரார் கண் வைத்ததால் கிழங்கு சிறுத்தது என்று சொல்லுகிறவர்கள், பச்சைக்கும் சிறுத்த கிழங்குக்கும் ஒரே காரணம் என்பதை அறியாதவர்களே ஆவார்கள்.

மலையேறிப் பார்ப்போம்

இந்தச் சட்டம் நம் விளைக்கு மாத்திரந்தானா, அல்லது எங்கும் செல்லுமா என்று பார்க்க மலையேற வேண்டும். முதலில் நீலகிரிக்குப் போவோம். அங்கே தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் வெட்டவெளிப் புல்வெளிகளில் இரவில் உறைபனி விழுகிறது. புல்லின் மேற்பகுதி கருகிப் பழுப்பாகிறது. ஆனால் உயிர் கீழே, வேரிலும் அடிக்கட்டையிலும் இருக்கிறது. மழை வந்ததும் அங்கிருந்துதான் துளிர் கிளம்புகிறது.

அந்த மலைச் சரிவில்தான் குறிஞ்சிச் செடியும் இருக்கிறது. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் மலை முழுவதும் பூக்கிறது. 1838 முதல் குறிப்பு வைத்திருக்கிறார்கள். 1838-லிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக் கொண்டே வாருங்கள். 1994, 2006, 2018 என்று வரும். அடுத்தது 2030. இதைத் தெய்வச் செயல் என்கிறார்கள். செடி செய்வது என்ன? 11 வருஷம் பூவுக்கு ஒரு காசு செலவழிப்பதில்லை. வருவதையெல்லாம் வேருக்கும் தண்டுக்கும் இலைக்கும் போடுகிறது. 12-வது வருஷம் சேர்த்ததையெல்லாம் பூவிலும் விதையிலும் கொட்டிவிட்டுச் செத்துப் போகிறது. நம் வாழையும் அப்படித்தானே! ஒரே குலை போட்டுவிட்டு அந்த மரம் சாகிறது. வாழை வருஷத்தில் செய்வதைக் குறிஞ்சி 12 வருஷத்தில் செய்கிறது. வாழையில் அற்புதம் காணாதவர்கள் குறிஞ்சியில் மாத்திரம் அற்புதம் காண்பது, அது தூரத்தில் இருப்பதனால்தான்.

நாட்டு மருந்துக் கடைச் சாட்சி

இனி இமயமலைக்குப் போவோம். ரயில் ஏற வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் போதும். நம் குமரி மாவட்டத்தில் சித்த வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. கடையில் கடுகுரோகிணி, அதிவிடயம், சடாமாஞ்சில், கோஷ்டம் என்ற நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்கும் இமயத்தில், ஏறக்குறைய 2500 மீட்டருக்கு மேல், பனி விழும் இடங்களில் வளரும் செடிகள். நான்கிலும் உங்கள் கைக்கு வருவது என்ன? வேர் அல்லது தரைக்குள்ளிருக்கும் தண்டு! நம் ஊர் மருந்துகளில் ஆடாதோடை, தூதுவளை, துளசி என்று இலை உண்டு. கடுக்காய், நெல்லிக்காய் என்று காய் உண்டு. பனிமலையிலிருந்து வரும் இந்த நான்கும் மாத்திரம் தரைக்கடியிலிருந்தே வருவானேன்?

அந்தச் செடியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வருஷத்தில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும். வளருவதற்கு மூன்று நான்கு மாதந்தான். அந்த மாதங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. பஞ்சமெல்லாம் மண்ணில்தான். குளிரில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்கின்றன. செத்த இலை, சருகு மக்குவதற்கு நெடுநாளாகிறது. ஆகவே தழைச்சத்தும் மணிச்சத்தும் சொட்டுச் சொட்டாகவே கிடைக்கின்றன. மேலே நீட்டிக் கொண்டு நின்றாலோ காற்று முறிக்கும், உறைபனி கருக்கும்.

இந்த நிலைமையில் பங்கு எப்படிப் போகிறது? சுவிட்சர்லாந்து தேசத்தில் பாசல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கிறிஸ்டியன் கோர்னர், மலையடிச் செடிகளையும் மலையுச்சிச் செடிகளையும் பிடுங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து நிறுத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர். 1999-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் கண்டது வேடிக்கையானது. உச்சியில் வேரின் பங்கு கூடுகிறது. அதற்காக யாருடைய பங்கு குறைகிறது? இலையின் பங்கு என்று நாம் நினைப்போம். அப்படியல்ல. இலையின் பங்கு பெரிதாக மாறுவதில்லை. குறைவது தண்டின் பங்கு! காடில்லாத வெட்டவெளியில் வெளிச்சத்துக்குப் போட்டியில்லை. போட்டியில்லாத இடத்தில் உயரம் எதற்கு? உயரம் என்பது அங்கே வீண் ஆடம்பரம்; ஆடம்பரச் செலவு முதலில் குறைந்துவிடுகிறது.

இன்னொன்று. உச்சியில் இலை சிறிதானாலும், எடைக்கு எடை பார்த்தால் அதில் தழைச்சத்து அதிகம். கோடை மூன்று மாதந்தானே, அதற்குள் வருஷ வேலையை முடிக்க வேண்டும். அதனால் சிறிய இலையில் பலமான கருவிகள். குளிர் வருமுன்பு செடி அந்த இலையைச் சும்மா உதிர்த்துவிடுவதுமில்லை. இலையிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் சுமார் பாதியைத் திரும்ப இழுத்து, வேரிலும் கிழங்கிலும் பத்திரப்படுத்திவிட்டு, வெறும் சக்கையை உதிர்க்கிறது. பனி உருகினவுடன், மண் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, கையிருப்பைக் கொண்டு துளிர் விடுகிறது. மண் தரட்டும் என்று காத்திருந்தால் கோடை போய்விடும்.

இதெல்லாம் ஒரே மலையில்கூட இடத்துக்கு இடம் மாறும். காற்று அறையும் முகட்டில் நிற்பதற்கு ஒரு பங்கீடு. பள்ளத்தில் ஈரமும் மக்கும் உள்ள இடத்தில் நிற்பதற்கு வேறொரு பங்கீடு. பனிக்காலத்துக்கு இமயத்துச் செடி சேர்ப்பதும், வறட்சிக்கு மரச்சீனி சேர்ப்பதும் ஒரே காரியந்தான். கையிருப்புக்குக் காவலும் உண்டு. அதிவிடயத்தின் இனத்தைச் சேர்ந்த நாபிக் கிழங்கு கொடிய விஷம். கடுகுரோகிணி வாயில் வைக்க முடியாத கசப்பு. நம் கசப்பு மரச்சீனியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டாமல் தின்ன முடியாது. பெட்டியில் பணம் வைத்தவன் பூட்டுப் போடுகிறான், அவ்வளவுதான்.

பிறப்பா, இடமா?

"எல்லாம் சரி, உச்சியிலுள்ள செடி அப்படியே படைக்கப்பட்டது, அதன் தலையெழுத்து அது" என்று ஒரு பண்டிதர் சொல்லக்கூடும். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சு தேசத்துப் பொன்னியே என்பவர், ஒரே செடியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சமவெளியிலும் மறு பாதியை ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளிலும் நட்டார். மலையில் நட்டது குட்டையாயிற்று, இலை தடித்தது, தரைக்கடியிலுள்ள பாகம் ஒப்பளவில் பெருத்தது. ஒரே செடி, ஒரே பிறப்பு. இடம் மாறியதும் பங்கு மாறியது! ஆனால் அவர் அதோடு நிற்காமல், சமவெளி இனமே மலை இனமாக மாறிவிட்டது என்றும் சொன்னார். அதை உலகம் அப்படியே நம்பிவிடவில்லை. அமெரிக்காவில் கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர் கலிபோர்னியாவில் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் 30 மீட்டரிலும், 1400 மீட்டரிலும், 3050 மீட்டரிலும் மூன்று தோட்டம் போட்டு, ஒரே செடியின் துண்டுகளை மூன்றிலும் நட்டுப் பல வருஷம் பார்த்து, 1940-ல் முடிவை வெளியிட்டார்கள். இடத்துக்குத் தக்கபடி செடி மாறுவது உண்மை. ஆனால் அதற்கு எல்லை உண்டு. சமவெளிச் செடிகள் உச்சித் தோட்டத்தில் பெரும்பாலும் பிழைக்கவில்லை. உச்சிச் செடி கீழே வந்தாலும் குட்டைக் குணத்தை விட்டுவிடவில்லை. ஓர் இனம் மற்றோர் இனமாகவும் மாறவில்லை.

இதில் நாம் கற்க வேண்டியது இரண்டு. முதலாவது, விதையோடு வரும் குணமும் உண்டு, இடம் செய்வதும் உண்டு. விதையோடு வரும் குணமும் எவனோ எழுதி வைத்த எழுத்தல்ல. எண்ணற்ற தலைமுறைகளாக அந்த இடத்தில் பிழைக்க முடியாதவை அழிந்து, பிழைக்க முடிந்தவை விதைத்த விதையின் பலன். இரண்டாவது, பொன்னியே பெரிய பண்டிதர் என்பதற்காக அவர் சொன்ன தவறை யாரும் வேதவாக்காக வைத்துக் கொள்ளவில்லை. சோதித்தார்கள், திருத்தினார்கள். அவர் சொன்னதில் சரியானதை வைத்துக் கொண்டு, தவறை மாத்திரம் தள்ளினார்கள். நம் சாஸ்திரங்களில் ஒரு வரியையாவது இப்படிச் சோதித்துத் திருத்தியதுண்டா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சமுதாயத்தை ஓர் உடம்புக்கு ஒப்பிட்டு, முகத்தில் பிறந்தவன் மேல், காலில் பிறந்தவன் கீழ் என்று சிலர் நெடுங்காலம் நம்மை ஏய்த்தார்கள். செடியிலோ அடியிலிருக்கும் வேருக்குத்தான் கஷ்ட காலத்தில் பங்கு கூடுகிறது. இதைக் காட்டி, "ஆகவே சமுதாயமும் இப்படி இருக்க வேண்டும்" என்று சொன்னால் நீங்கள் கை தட்டுவீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. உவமையை வைத்து அநீதியை நிலைநாட்டியது அவர்கள் செய்த மோசடி. நியாயத்தை நிலைநாட்ட நமக்கு உவமை தேவையில்லை. மனிதன் மனிதனுக்குச் சமம் என்பதற்கு மனிதனுடைய அறிவும் மானமுமே போதும்.

இலை சொல்லும் சேதி

இனி நம் விளைக்குத் திரும்புவோம். பனிமலைச் செடி குளிர்காலத்துக்கு முன் இலையிலிருந்து சத்தைத் திரும்ப இழுக்கிறது என்று சொன்னேனல்லவா? அதே காரியத்தை நம் ஊர்ச் செடி பஞ்சம் வரும்போது செய்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகக் கூடியவை. குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து இவற்றை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே இந்தச் சத்துக்கள் குறைந்தால் முதலில் கெடுவது அடி இலை. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் போன்றவை ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்தால் லேசில் இடம் பெயராதவை. அவை குறைந்தால் அடி இலை நன்றாக இருக்கும், கெடுவது குருத்து.

இந்த ஒரு சங்கதியைத் தெரிந்து கொண்டால் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி. வாழையில் அடி இலை முழுவதும் வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்தை நினையுங்கள். தென்னையில் அடி மட்டையின் ஓலை நுனியும் ஓரமும் காய்ந்து வந்தால் சாம்பல் சத்தை நினையுங்கள். அடி மட்டை பச்சையாக இருக்க, குருத்தோலை விரியாமல் சுருங்கி மடங்கினால் போரானை நினையுங்கள். கண்ணேறு பட்டிருந்தால் அது கிழட்டு இலை, இளம் இலை என்று வித்தியாசம் பார்த்தா படும்? கண் வைத்தவனுக்கு இரும்புச் சத்து இடம் பெயராது, சாம்பல் சத்து இடம் பெயரும் என்ற ரசாயனம் தெரியுமா?

ஆனால் அவசரப்பட்டு ஒரே குறியைப் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. மஞ்சளிப்பு எல்லாமே சத்துக் குறையல்ல. தென்னையில் வேர் வாடல் நோய் என்று ஒன்று உண்டு. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. நம் மாவட்டத்திலும் இருக்கிறது. அதிலும் மட்டை மஞ்சளிக்கும், ஓலை தொய்யும். உரம் மாத்திரம் போட்டு அதைப் போக்கிவிட முடியாது. தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளிக்கும். ஆகவே மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், தெரிந்தவர்களைக் கேளுங்கள். திருப்பதிசாரத்திலும் பேச்சிப்பாறையிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மரச்சீனி முதலிய கிழங்குகளுக்கென்றே திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவை நம் வரிப் பணத்தில் நடப்பவை. அங்கே போய்க் கேட்பது நம் உரிமை. அவர்கள் சொல்லுவதையும் விளையின் ஒரு மூலையில் செய்து பார்த்து, பலன் கண்டபின் முழு விளைக்கும் செய்யுங்கள்.

வேரைப் பிடுங்குவது

கடைசியாக, பனிமலைச் செடியைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று ஆரம்பத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். நம் மருந்துக் கடைக்கு வரும் அந்த நான்கு வேர்களும் செடியின் முழு முதல். இலையைப் பறித்தால் செடி மறுபடியும் துளிர்க்கும். துளிர்ப்பதற்கான கையிருப்பு கீழே இருக்கிறது. கையிருப்பையே தோண்டி எடுத்துவிட்டால் எதைக் கொண்டு துளிர்க்கும்? வருஷத்தில் மூன்று மாதம் மாத்திரம் சம்பாதித்துச் சேர்த்த முதலை ஒரு நிமிஷத்தில் பிடுங்கிவிடுகிறோம். வர்த்தகத்தால் அழியும் உயிரினங்களைக் காப்பதற்காக 1973-ல் பல தேசங்கள் செய்து கொண்ட ஒப்பந்தத்தில், கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் 1997-ல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கோஷ்டம் அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. எடுத்துக் கொண்டே இருந்தால் ஆண்டவன் அளந்து கொண்டே இருப்பான் என்ற எண்ணம் இமயத்திலேயே பொய்த்துவிட்டது!

இதற்காக மருந்தையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கோஷ்டத்தை லாகுல் பள்ளத்தாக்கில் பயிர் செய்கிறார்கள். மற்றவற்றையும் பயிர் செய்ய முயற்சி நடக்கிறது. நீங்கள் வாங்கும்போது, "இது பயிர் செய்ததா, காட்டில் பிடுங்கியதா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமலிருக்கலாம். நூறு பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி மலையிலிருப்பவனைக் கேட்பான். கேள்விக்கு அந்தப் பலம் உண்டு.

தோழர்களே! கல்லுக்குள் இருக்கும் தேரைக்குப் படியளப்பவனை நாம் யாரும் கண்டதில்லை. ஆனால் செடியில் படியளப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுவிட்டோம். வெளிச்சமும் தண்ணீரும், குளிரும் வெயிலும், மண்ணிலுள்ள சத்தும் சத்துக் குறைவும் சேர்ந்துதான் அளக்கின்றன. இவற்றில் குளிரையும் வெயிலையும் நாம் மாற்ற முடியாது. நிழலை வெட்டி விலக்கலாம், தண்ணீரை வடிக்கலாம், பாய்ச்சலாம், சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அவ்வளவுக்கு அளக்கும் படி நம் கையிலும் இருக்கிறது. அதை மறந்துவிட்டு எலுமிச்சம்பழம் நறுக்குகிறவன் தன் கையிலுள்ள படியைத் தானே தூர எறிகிறான்.

நாளைக் காலை உங்கள் விளைக்குப் போனதும், மஞ்சளித்த மட்டையைக் கண்டால், யார் கண் வைத்தான் என்று அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்க்காதீர்கள். மஞ்சளித்தது அடி மட்டையா, குருத்தா என்று மரத்தைப் பாருங்கள். அவ்வளவுதான் நான் உங்களைக் கேட்டுக் கொள்ளுவது. சந்தேகம் உள்ளவர்கள் தாராளமாய் எழுந்து கேட்கலாம் என்று கூறி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.